யார் சொன்னது, எழில்?

"யார் சொன்னது இது?"

வித்யா மேடத்தின் பென்சில் அந்த ஒற்றை வரியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, வட்டத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. எழில் எட்டிப் பார்த்தாள். மூன்றாம் அத்தியாயத்தின் முதல் வரி. மொத்த ஆய்வேட்டிலும் அவளுக்கு மிகவும் பிடித்த வரி.

'மாற்றலாகி வந்த வீட்டில் முதலில் பழகுவது நம் அடுப்பு அல்ல, அடுத்த வீட்டுக் குக்கர் விசில்.'

"அது... எங்க குவார்ட்டர்ஸ்ல ஒருத்தங்க சொன்னது மேடம்."

"ஒருத்தங்கன்னா? அவங்களுக்குப் பேர் இல்லையா?"

பேர் இல்லாமல் என்ன. எந்தப் பேர் என்பதுதான் எழிலுக்கு நினைவில்லை.

முகப்பேரில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. சமூகவியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள் எழில். அப்பா வேலுசாமிக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. பிறந்ததிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசம். அதையே ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டாள். திருநெல்வேலி, பொள்ளாச்சி, ஆற்காடு என்று நாலா திசையிலிருந்தும் வந்து ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் பெண்கள் எப்படி ஒருவருக்கொருவர் உறவாகிறார்கள் என்பதுதான் விஷயம். வீடு வீடாகப் போய் அடுக்களையில் நின்று பேசினாள். பேசியதை எல்லாம் எழுதினாள். யார் பேசியது என்பதை மட்டும் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டாள். முகம் மறக்குமா என்ற தைரியம். முகங்கள் ஒன்றும் மறக்கவில்லை. யார் வாயிலிருந்து எந்த வார்த்தை வந்தது என்பதுதான் கூட்டாஞ்சோறாகக் கலந்துபோயிருந்தது.

"நல்ல வரி, எழில். ஆய்வேட்டுக்குத் தலைப்பே 'அடுத்த வீட்டு விசில்'னு வச்சிருக்கே. அதனாலதான் விடாம கேக்கறேன். ஆள் தெரிஞ்சா பேரைப் போடு. தெரியலைன்னா வரியை எடுத்துடு."

"வரியை எடுத்தா அத்தியாயமே நிக்காது மேடம்."

"அப்போ ஆளைக் கண்டுபிடி," என்றபடி மேடம் அடுத்த மாணவனின் தாள்கட்டை இழுத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா லோகநாயகி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எழில் பையைக்கூட இறக்கவில்லை.

"ம்மா, இந்த வரியைக் கேளு. இது யார் சொன்னதுன்னு உனக்கு ஏதாவது தோணுதா?"

வாசித்தாள். அம்மாவின் கை நின்றது.

"இன்னொரு தடவ வாசிட்டி."

வாசித்தாள்.

"இது நான் சொன்னதுல்லா!"

"நிஜமாவா?"

"பின்ன? நீ இதே அடுக்களையில வந்து நின்ன. குக்கர் சத்தத்தப் பத்திப் பேச்சு வந்துதா இல்லியா? ஊர் பூரா சொன்னதெல்லாம் எழுதுவ, பெத்தவ சொன்னது மட்டும் மறந்துபோவும் ஒனக்கு."

பேச்சு வந்தது உண்மைதான். எழிலுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அன்றைக்கே அடிக்குறிப்பில் 'லோகநாயகி, நேர்காணல், ஆவடி' என்று சேர்த்தாள். மேடம் அதைப் பார்த்துவிட்டு, "இது உங்க அம்மாதானே? அப்போ 'ஆய்வாளரின் தாய்'னு பக்கத்துல போடு. உறவு இருக்கறது தப்பில்ல. மறைச்சாதான் தப்பு," என்றார். அதையும் போட்டாள். விஷயம் முடிந்தது என்றே நினைத்தாள்.

மறுநாள் காய்கறி வண்டி வந்து நின்றதும் லோகநாயகி கொத்தமல்லியை முகர்ந்தபடியே சொன்னாள்: "எம்பேரு யுனிவர்சிட்டி புஸ்தகத்துல வருது பாத்துக்கிடுங்க."

வண்டியைச் சுற்றி நின்றவர்களில் நாகவல்லியும் இருந்தாள்.

நாகவல்லி அடுத்த வீடு. பொள்ளாச்சிக்காரி. லோகநாயகிக்கும் அவளுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர், அதுவும் பெயருக்குத்தான். குழம்புக் கிண்ணம் அந்தப் பக்கம் போனால் பொரியலோடுதான் திரும்பும். இந்த வீட்டுச் சாவி அந்த வீட்டு ஆணியில் தொங்கும், அந்த வீட்டுச் சாவி இங்கே. அன்று சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தாள்.

"ரொம்ப சந்தோசமுங்கக்கா. எந்த வரி கண்ணு அது? படி, கேக்கலாம்."

எழில் பெருமையாகப் படித்தாள். நாகவல்லியின் சிரிப்பு உதட்டில் மட்டும் கொஞ்ச நேரம் தங்கியது.

"இது நான் சொன்னதுங்க."

"நீங்க எப்பச் சொன்னிய?" என்றாள் அம்மா.

"எங்கூட்டுச் சமையக்கட்டுல வெச்சு. கண்ணு பக்கத்துல நின்னு எழுதீட்டு இருந்துச்சு. நான் குடிவந்த புதுசுல உங்கூட்டு விசில் சத்தத்துக்குத்தானுங்க எந்திரிப்பேன்."

"எங்க வீட்டு விசிலப் பத்தி நான் சொல்லாம நீங்க சொல்லுவியளோ?"

"அக்கா, உங்கூட்டு விசில் உங்களுக்கு எப்படீங்க அடுத்தூட்டு விசிலாகும்? எனக்குத்தானே அது அடுத்தூட்டு விசிலு!"

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. தர்க்கத்தில் தோற்றால் லோகநாயகிக்குக் கோபம் வரும். வந்தது.

"ரெண்டு பேர் பேரையும் போட்டுடறேன்!" என்று குறுக்கே பாய்ந்தாள் எழில்.

இரண்டு பேரும் சமாதானமானார்கள். வாசல் வரை போன நாகவல்லி திரும்பி நின்று, "யாரு பேரு முதல்ல வரும் கண்ணு?" என்று கேட்டாள்.

"அகர வரிசைப்படிதான் ஆன்ட்டி போடணும். 'ந'வுக்கு அப்புறம்தானே 'ல'."

நாகவல்லி நிம்மதியாகப் போனாள். அம்மா பூண்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"பெத்தவ பேரு ரெண்டாவதா?"

"வேணும்னா வயசுப்படி போடட்டுமா? மூத்தவங்க முதல்ல."

லோகநாயகி ஒரு நிமிஷம் யோசித்தாள். "வேண்டாம். அகர வரிசையே இருக்கட்டும்," என்றாள்.

அத்தோடு நின்றிருந்தால் தேவலை. மேல்மாடி ரேணுகா துணி காயப்போட வந்தவள் நேராக உள்ளே வந்துவிட்டாள். "எழில், அந்தக் குக்கர் விஷயம் நானும்தானே சொன்னேன்? ஞாபகம் இல்லையா? நீ மோர் குடிச்சுக்கிட்டே எழுதினியே!" மோர் குடித்தது எழிலுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. கண்ணை மூடி யோசித்துப் பார்த்தாள். ரேணுகாவின் அடுக்களை, மோர் டம்ளர், வரி, எல்லாமே சேர்ந்துதான் வந்தன. நாகவல்லியின் அடுக்களையை நினைத்தாலும் அந்த வரி அங்கேயும் இருந்தது. ரேணுகாவின் பேரும் ஏறியது. ரேணுகா சொல்லி எதிர் பிளாக்கிலிருந்து பானுப்பிரியா வந்தாள். பானுப்பிரியா தன் நாத்தனாரையும் கூட்டிவந்தாள்.

"இது அடிக்குறிப்பா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார் வித்யா மேடம். "ஒரு வாக்கியத்தை இத்தனை பேர் சேர்ந்து எப்படிச் சொல்லுவாங்க? கோரஸா? பேரே வேண்டாம். அடையாளத்தை மறைச்சு 'தகவலாளி 1, தகவலாளி 2'னு போடு. போட்டதை அவங்ககிட்டக் காட்டி சம்மதம் வாங்கிக்கோ."

காட்டினாள். அதுதான் வினையாயிற்று.

"இதுல ஒண்ணு யாரு?" என்றாள் அம்மா.

"அதைச் சொல்லக் கூடாதும்மா. ரகசியம்."

"நான் ரெண்டுன்னா நேராச் சொல்லு. மனசத் தேத்திக்கிடுதேன்."

எண்ணே வேண்டாம் என்று புனைபெயருக்கு மாறினாள் எழில். ஏற்றத்தாழ்வு இல்லாமல் எல்லோருக்கும் பூப்பெயர். மல்லிகா, செண்பகம், கனகாம்பரம், தாமரை. யாருக்கும் மனத்தாங்கல் வர வழியே இல்லை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். நாகவல்லி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தாள்.

"பொள்ளாச்சியிலிருந்து வந்தவங்கன்னு போட்டிருக்குது. அப்ப கனகாம்பரம் நானுங்களா?"

"ஆமா ஆன்ட்டி. அழகான பேரு."

"மல்லிகா உங்கம்மாளாக்கும்?"

எழில் தாளை மடிக்கப் பார்த்தாள்.

"கனகாம்பரத்துக்கு வாசம் இருக்குதா கண்ணு?" என்று மெல்லக் கேட்டுவிட்டு எழுந்து போனாள் நாகவல்லி.

அடுத்த நாள் காலையில் கதவைத் திறந்தால் கிரில் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கியது. உள்ளே அவர்கள் வீட்டுச் சாவி. அம்மா உள்ளே போய், ஆணியிலிருந்து நாகவல்லி வீட்டுச் சாவியை எடுத்தாள். அதற்கு அவள் கவர்கூடத் தேடவில்லை. அப்படியே கொண்டுபோய் அந்த வீட்டுக் கிரில்லில் மாட்டிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு கிண்ணங்கள் பயணம் போகவில்லை. நாகவல்லி படியிறங்கும் சத்தம் கேட்டால் அம்மா குப்பை கொட்டப் போவதைத் தள்ளிப்போட்டாள். வேலுசாமியும் நாகவல்லியின் வீட்டுக்காரரும் ஒரே செக்‌ஷன். அவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குத் தெரியாமல் தொழிற்சாலை வாசலில் டீ குடிக்க வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அவளைப் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு நடக்கக் கூட்டிப்போனார். தண்ணீர் ஓரமாக நாரைகள் ஒன்றையொன்று பாராமல் நின்றன.

"எழிலு, அந்த வரிய எடுத்துட்டாத்தான் என்ன? ஒரு வரிதானே."

"எடுத்தா, அவங்க சண்டை போட்டதுக்கே அர்த்தமில்லாமப் போயிடும்ப்பா."

அப்பா சிரித்துவிட்டார். எழிலுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கம்பக்கத்து உறவு எப்படி உண்டாகிறது என்று எழுதப்போய், இருந்த உறவை உடைத்துவிட்டுக் கரையோரம் நடந்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. ஆய்வேட்டில் அதற்கு ஓர் அத்தியாயமும் இல்லை.

திங்கட்கிழமை மேடத்திடம் கொட்டித் தீர்த்தாள். "இந்த மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் எதுக்கு மேடம்? யார் சொன்னா என்ன? வரி நல்லாத்தானே இருக்கு?"

வித்யா மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் திட்டப்போகிறார் என்று எழில் நினைத்தாள்.

"நான் மாணவியா இருந்தப்போ எனக்கும் இது புள்ளி, கமா சமாசாரமாத்தான் பட்டது. அப்படி இல்ல. நீ ஒருத்தங்க பேரைப் போடறேன்னா, இது என் மூளையில முளைக்கல, இன்னார் தந்தாங்கன்னு ஒத்துக்கறே. நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தா, அவங்க வீடு தேடிப் போக வழி விட்டு வைக்கறே. உங்க அம்மாவும் பக்கத்து வீட்டம்மாவும் சண்டை போடறது பேருக்காக மட்டும்னு நினைக்கறியா? இத்தனை வருஷமா அந்த அடுக்களைக்குள்ள நின்னு அவங்க பேசினதை யாரும் எழுதி வச்சதில்ல, எழில். முதல் தடவையா ஒருத்தி எழுதியிருக்கா. விட்டுக் கொடுப்பாங்களா?"

எழில் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தாள். அம்பத்தூரில் பஸ் நின்றதும் கிளம்பியதும் தெரியவில்லை.

அந்த வாரத்தில் ஒரு காலை. எழில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுக்களையில் அம்மா தோசைக் கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

"என்னம்மா?"

"நாகவல்லி வீட்டுல இன்னும் விசில் வரலட்டி."

"லேட்டா சமைக்கறாங்களா இருக்கும்."

"அவ வீட்டுக்காரருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. இந்நேரம் டிபன் கட்டி முடிச்சிருப்பா." அம்மா சுவரில் காதை வைத்தாள். "நேத்தும் வரல. நான் கெவனிக்காத மாதிரி இருந்துட்டேன். அவளுக்குச் சுகர் வேற இருக்கு."

தோசை கருகும் வாசம் வந்தது. அம்மா அடுப்பை அணைக்கவில்லை. கரண்டியோடு வெளியே ஓடி அடுத்த வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினாள். "நாகவல்லி! ஏ நாகவல்லி!" மேல்மாடியிலிருந்து ரேணுகா எட்டிப் பார்த்தாள். எழில் வாயில் நுரையோடு பின்னால் நின்றாள்.

கதவு திறந்தது. நாகவல்லி இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு, நெற்றி வேர்த்து, கல்லுக்குண்டாக நின்றாள்.

"என்னாச்சு? விசில் சத்தத்தையே காணோம்? உடம்புக்கு முடியலையா?"

"சோறு வடிச்சேனுங்க."

"வடிச்சியளா? குக்கர் என்ன ஆச்சு?"

நாகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "குக்கர் நல்லாத்தான் இருக்குது. எங்கூட்டு விசில் உங்களுக்கு எதுக்குங்கன்னு, ரெண்டு நாளா பானையில போட்டு வடிச்சுட்டு இருக்கறேன். கையெல்லாம் சுட்டுப்போச்சு."

லோகநாயகி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்து கிடந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள். நாகவல்லிக்கும் அது தொற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போயிற்று. சாவிகளும் பழைய ஆணிகளுக்குத் திரும்பின.

எழில் முகம் கழுவிக்கொண்டு ஆனந்தமாக வந்தாள். "சரி, ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க. அந்த வரி யார் பேர்ல போடட்டும்?"

"நாகவல்லி பேர்ல போடு. அவதான் சொல்லியிருப்பா," என்றாள் அம்மா.

"ஐயோ, வேண்டாங்கக்கா. அது உங்க வரிதான். நான் எங்க அப்படியெல்லாம் பேசப்போறேன்?"

"எனக்கு மட்டும் அந்த மாதிரிப் பேச வருமா? அவ பேரே போடுட்டி."

"கண்ணு, எம்பேரு போட்டீன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஆமா!"

ரேணுகாவைக் கேட்டால், "அவங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் எதுக்கு?" என்று மாடிக்குப் போய்விட்டாள். பானுப்பிரியாவும் நாத்தனாரும் கதவையே திறக்கவில்லை. ஆளாளுக்கு உரிமை கொண்டாடிய வரி ஒரே காலையில் திக்கற்றதாகிவிட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது.

வித்யா மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேசையில் விரலால் தாளம் போட்டார்.

"எல்லாருக்கும் இது 'நான் சொன்னது'ன்னு ஞாபகம். ஆனா, தனக்கு மட்டும் சொந்தம்னு இப்போ யாரும் சொல்லல. அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"அப்போ இது தனி ஒருத்தர் வரி இல்ல, எழில். அந்த இடத்தோட வரி. வாய்மொழில அப்படி நடக்கும். 'குடியிருப்புப் பெண்களிடையே நிலவும் பொதுப்பேச்சு, பல வீடுகளில் கேட்டது'ன்னு போடு. நேர்மையாவும் இருக்கும்."

போட்டாள். ஆய்வேடு பைண்டிங் ஆகி, தங்க எழுத்தில் தலைப்போடு வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஸ்ரீகாந்த், வாய்மொழி வழக்காறுகளிலேயே தலை நரைத்தவர் என்று பெயர் எடுத்தவர். அவர் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்துவைத்துக்கொண்டு முதல் வரியின்மேல் விரலை வைத்தார்.

"இந்த வரியைப் பாருங்க," என்று மற்றவர்களிடம் காட்டினார். "இந்த மாதிரி ஒண்ணை ஒரு ஆள் உக்காந்து யோசிச்சு எழுதிட முடியாது. நிறைய வாய்ல புரண்டு புரண்டு வழவழப்பாகி வந்திருக்கு. ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி. இதைத் தன் வரின்னு சேர்த்துக்காம, மூலத்தை மக்கள்கிட்டயே விட்டிருக்கா பாருங்க இந்தப் பொண்ணு, அதுதான் ஆய்வு நேர்மை. என் அடுத்த சொற்பொழிவுல இந்த வரியைச் சொல்லத்தான் போறேன்."

வித்யா மேடம் எழிலைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்.

அன்று சாயங்காலம் எழில் இனிப்புப் பெட்டியோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அந்த அத்தியாயத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். அம்மாவும் நாகவல்லியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். 'பொதுப்பேச்சு' என்ற இடம் வந்தபோது இரண்டு பேருமே, அந்தப் பொதுவில் பெரும்பங்கு தனக்குத்தான் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

கடைசியாகத் தரைத்தள வீடு. வஹீதுன்னிசா பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவள். எழில் தன் ஆய்வுக்காக முதன்முதலில் ஏறிய படி அவளுடையதுதான். மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தவள் முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். இங்கே நடந்த கூத்து ஒன்றும் அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

"படி கண்ணு, கேக்கறேன். முதல்ல நம்ம ஊட்டுலதானே ஆரம்பிச்சே," என்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

எழில் குரலைச் சரிசெய்துகொண்டு, மூன்றாம் அத்தியாயத்தின் முதல் வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். பிறகு அடிக்குறிப்பையும் வாசித்தாள். பொதுப்பேச்சு, பல வீடுகளில் கேட்டது.

வஹீதுன்னிசாவின் முகம் சுருங்கியது. வாயில் போட்ட லட்டை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"இன்னாம்மா இப்படி எழுதிட்டே? இதே சோபாவுல குந்திகினு, மேல குக்கர் கூவுறப்போ, 'முதல்ல பழகறது பக்கத்து ஊட்டு விசில்தானே ஆன்ட்டி'ன்னு என்னைக் கேட்டது நீ. அப்பால ஒவ்வொரு ஊடா போய் அதையே கேட்டுகினு இருந்தே, நாங்க எல்லாரும் 'ஆமாம்மா, ஆமாம்மா'ன்னுதானே சொன்னோம்!"